வீட்டை அளக்கும் முன் பிள்ளையின் வழியை அளப்போம்

சென்ற பெருநாள் விடுமுறைக்குச் செட்டிகுளத்தில் ராத்தாவின் வீட்டில் நின்றேன். ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்து முற்றத்தில் பாய் விரித்துப் பெரியதொரு பேச்சு நடந்தது. மச்சான் பல வருடங்களாகச் சேர்த்த பணம் இருக்கிறது. அதில் வவுனியா டவுனுக்குக் கிட்ட ஒரு காணி வாங்குவதா, அல்லது இருக்கிற வளவிலேயே வீட்டைப் பெருப்பித்துக் கட்டுவதா என்பதுதான் பேச்சு. வேப்பங்குளம் பக்கம் ஒரு துண்டு வந்திருக்கிறது. பம்பைமடுப் பக்கம் இன்னொன்று, விலை குறைவு. பேர்ச் என்ன விலை, உறுதி சரியா, கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, லொறி போகுமளவுக்குப் பாதை அகலமா, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தாம்.

தேநீர் கொண்டுவந்த ராத்தாவின் மகள், இந்த முறை சாதாரண தரம் எழுதுகிறவள், தட்டை வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "வாப்பா, அங்கயிருந்து ஸ்கூலுக்குக் காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

யாருக்கும் விடை தெரியவில்லை. "அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம் மகள்" என்றார் மச்சான். பேச்சு மீண்டும் பேர்ச் விலைக்குத் திரும்பியது. நான் ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். ராத்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் என்னைவிடக் கெட்டிக்காரி ராத்தாதான். கணக்குப் பாடத்தில் அவரை வெல்ல வகுப்பில் ஆளில்லை. ஆனால் சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. படிக்க வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. உம்மா அழுதார், வாப்பா நாலு இடத்தில் விசாரித்தார். விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் டவுனுக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போக விடியுமுன் வீதிக்கு வர வேண்டும். பின்னேர வகுப்பு முடிந்தால் திரும்பி வர பஸ் இல்லை. அது ரயிலும் ஓடாத காலம். ஒரு மாதம் பார்த்தார்கள், அவ்வளவுதான். சில வருடங்கள் கழித்து என் முறை வந்தபோது வாப்பா யோசித்து, என்னைச் சாச்சி வீட்டில் விட்டு இந்தக் கல்லூரியில் சேர்த்தார். நான் படித்தேன், ராத்தா படிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் மூளையுமல்ல, பெற்றோரின் விருப்பமுமல்ல. ஒரு பஸ்ஸின் நேரம்.

அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கே குடியிருப்பது என்று ஒரு குடும்பம் தீர்மானிக்கும்போது, காணியின் விலைக்கும் முன்னால் அளக்க வேண்டியது அந்த வீட்டுப் பெண் பிள்ளையின் நாளாந்தப் பயணம் என்பதே என் கருத்து. ஆண் பிள்ளைக்கும் பயணம் கஷ்டம்தான். ஆனால் அவன் சைக்கிளில் போவான், மோட்டார் சைக்கிளில் யாரோ ஒருவருக்குப் பின்னால் ஏறி வருவான், இருட்டினால் கூட்டாளி வீட்டில் தங்குவான். எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைக்கு அந்த வழிகள் பெரும்பாலும் இல்லை. பயணம் பிழைத்தால் அவளுடைய படிப்புத்தான் முதலில் நிற்கும்.

எங்கள் ஊரின் அமைப்பைப் பாருங்கள். செட்டிகுளம் வவுனியா மாவட்டத்தின் மேற்கு ஓரம். டவுனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியும் தலைமன்னார் ரயில் பாதையும் ஊருக்குள்ளால் போகின்றன. 1990இல் நின்றுபோன ரயில் 2013 மே மாதத்தில் மடு வீதி வரைக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. ரயில் கண்ட சந்தோசத்தில், "இனி என்ன, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன்" என்று சொன்னவர்கள் பலர். ஆனால் அந்தப் பாதை எங்களை வவுனியாவுக்குக் கொண்டுபோகாது. மதவாச்சிக்குக் கொண்டுபோகும். அங்கே இறங்கி வடக்கே போகும் வேறு ரயிலைப் பிடிக்க வேண்டும். அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ போகிறவருக்கு அது பெரிய வசதி. காலை ஏழரைக்கு வவுனியாவில் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளைக்கு அதனால் பலனில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது வேறு, எங்கள் பிள்ளை போகும் திசையில், போகும் நேரத்தில் ரயில் ஓடுவது வேறு. காணி விற்பவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். இரண்டாவதை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பிரதான வீதியிலிருந்து உள்ளே இருக்கும் கிராமத்துப் பிள்ளை ஒருத்தி வீதிக்கு நடந்து வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, டவுனில் இறங்கிப் பாடசாலைக்குப் போய்ச்சேர ஒன்றரை மணித்தியாலம் எடுக்கிறது என்று வைப்போம். வரவும் அதேயளவு. ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம். வருடத்துக்கு ஏறத்தாழ 200 பாடசாலை நாட்கள் என்றால் 600 மணித்தியாலம். எங்கள் பாடசாலைகள் காலை 7.30 தொடக்கம் பிற்பகல் 1.30 வரை, அதாவது 6 மணித்தியாலம் நடக்கின்றன. ஆகவே அந்தப் பிள்ளை வருடத்தில் 100 பாடசாலை நாட்களுக்குச் சமமான நேரத்தை வீதியில் செலவழிக்கிறாள். உயர்தரம் படிக்கும் இரண்டு வருடத்தில் அது 200 நாள். ஒரு முழு வருடப் படிப்பு! அதே பரீட்சையை அதே நாளில் அவளோடு எழுதுகிறவள் பாடசாலைக்குப் பின்வீட்டுப் பிள்ளை. பெறுபேறு வந்ததும் "அவள் கெட்டிக்காரி, இவள் கவனமில்லை" என்கிறோம்.

நேரம் மட்டுமா போகிறது? தாய்மாருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீண்ட பயணம் போகும் பிள்ளைகளில் பலர் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் இறங்க இடமில்லை என்பதால் வேண்டுமென்றே குடிக்காமல் போகிறார்கள். எங்கள் வெயிலில் பகல் இரண்டு மணி வரை அப்படி இருந்தால் தலையிடியும் சலக்கடுப்பும் வராமல் என்ன செய்யும்? மாதவிடாய் நாட்களில் பாடசாலைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களில் தூரத்துப் பிள்ளைகளே அதிகம் என்பதை எந்த வகுப்பாசிரியையும் சொல்வார். நெரிசலான பஸ்ஸில் நடக்கும் சேட்டைகளைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மாரி காலத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு இருட்டு விலகியிருக்காது. காட்டோரக் கிராமங்களில் யானைப் பயமும் உண்டு. பிரதான வீதியிலிருந்து வீடு வரைக்குமான அந்தக் கடைசி ஒரு கிலோமீற்றரை எந்தக் காணி விளம்பரமும் சொல்வதில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மனி மக்களிடம் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தார்கள். தூரத்தில் குடியிருப்பவர்கள் அதற்கு ஈடாக மலிவான வீட்டையோ நல்ல சம்பளத்தையோ பெறுவார்கள், ஆகவே திருப்தி சமமாக இருக்கும் என்பதுதான் ஏட்டுக் கணக்கு. அவர்கள் கண்டது வேறு. பயண நேரம் கூடக் கூட மனிதர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைந்திருந்தது. வீடு வாங்கும்போது அறைகளை எண்ணுகிறோம், பயணத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம். பெரியவர்களுக்கே இப்படியென்றால், அந்த வீட்டைத் தெரிவு செய்யாமலே அதன் தூரத்தைச் சுமக்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி ஆய்வு செய்த கிரிஜா போர்க்கர், பாதுகாப்பான வழி கிடைப்பதற்காகத் தரம் குறைந்த கல்லூரியை மாணவிகள் தெரிவு செய்வதைக் காட்டினார். புள்ளி இருந்தும், இடம் கிடைத்தும், வழிக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். அங்கே யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. வீதி தடுக்கிறது. ராத்தாவின் கதையும் அதுதானே.

வழியைச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இந்தியாவின் பீகார் மாநிலம் 2006இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகள் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பாடசாலையில் சேரும் பெண் பிள்ளைகளின் அளவு 32 சதவீதம் கூடியிருந்தது. பாடசாலை தூரத்தில் இருந்த ஊர்களிலேயே பலன் அதிகம். புதிய பாடசாலை கட்டவில்லை, பாடத்திட்டம் மாறவில்லை. தூரம் சுருங்கியது, அவ்வளவே. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள், முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். எங்கள் வன்னியில் தமிழ்ப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வரிசையாகச் சைக்கிளில் போவதை நாளும் பார்க்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஏன் ஓட்டுவதில்லை என்று யாரும் உரக்கக் கேட்பதில்லை. முழுதாக உடுத்து, பர்தாவோடு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மூன்று கிலோமீற்றர் சைக்கிளில் போவதில் மார்க்கத்துக்கும் மானத்துக்கும் என்ன குறை வந்துவிடும்? பெற்றோர் யோசிக்க வேண்டும்.

"இதெல்லாம் வசதியுள்ளவர்கள் பேசும் பேச்சு. காணி எங்கே மலிவோ அங்கேதானே ஏழை போவான்" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மலிவு என்பதை முழுதாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். தூரத்துக் காணியில் மிச்சம் பிடித்த பணம் மாதாமாதம் வேன் கூலியாக, ஆட்டோக் கூலியாக, உறவினர் வீட்டில் பிள்ளையை விடும் செலவாக வெளியே போகிறது. பத்து வருடத்தைக் கூட்டினால் எது மலிவென்று தெரியும். படிப்பு நின்றுபோன ஒரு பிள்ளையின் கணக்கை எந்தத் தாளிலும் கூட்ட முடியாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எங்கள் சமூகத்துக்குக் காணி வெறும் காணியல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையை மறுபடி தொடங்கினார்கள். 2009க்குப் பிறகு திரும்பலாம் என்று வந்தபோது ஊரில் காணி இருந்தது, பாடசாலை ஒழுங்காக இல்லை. புத்தளத்தில் பாடசாலை இருந்தது, காணி இல்லை. பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. வாப்பா காடு வெட்ட ஊரில், உம்மாவும் பிள்ளைகளும் புத்தளத்தில். அந்தப் பெற்றோர் பிள்ளையின் படிப்புக்காகத் தங்கள் வாழ்க்கையையே இரண்டாகக் கிழித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்கள் அடைபட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. எங்கே வாழ்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கும் அன்று இருக்கவில்லை. ஆகவே இன்று ஒரு வாப்பா முற்றத்தில் பாய் விரித்து இருந்து "இங்கேயா, அங்கேயா" என்று நிதானமாகக் கதைக்க முடிவது சின்ன விசயமல்ல. கிடைத்த அந்தத் தெரிவு ஓர் அமானிதம். அதை விலைப்பட்டியலை மட்டும் பார்த்துச் செலவழித்துவிடலாமா?

எல்லோரும் ஊரை விட்டு டவுனுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. போகக்கூடியவர்கள் எல்லாம் போய்விட்டால் கிராமத்துப் பாடசாலையில் பிள்ளைகள் குறைவார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்கள் குறைவார்கள், உயர்தர வகுப்புக்கான பேச்சே எழாது. போக முடியாத ஏழைப் பிள்ளைக்கு அது இன்னும் பெரிய அநியாயம். டவுனைச் சுற்றியுள்ள எல்லா இடமும் சுகமானவையுமல்ல. ஓரிடத்தில் மாரிக்கு வெள்ளம், ஓரிடத்தில் குப்பை மேட்டு நாற்றம், ஓரிடத்தில் கோடைக்குக் கிணறு வற்றும். டவுனுக்கு 8 கிலோமீற்றர் கிட்ட இருந்தாலும் பஸ் நிற்காத ஒழுங்கை, பஸ் ஓடும் 20 கிலோமீற்றரை விடத் தூரம்தான். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் பல வாரம் மூடப்பட்டபோது, பிள்ளைகள் நடந்து வரக்கூடிய கிராமத்துப் பாடசாலைகள் சிலவே இயங்கின. பெற்றோலை நம்பிய தூரம் எவ்வளவு பலவீனமானது என்பதை அப்போது கண்ணால் கண்டோம்.

ஆகவே இடம் தேடும் பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, அந்த இடத்துக்குக் கிட்டிய பாடசாலை எந்த வகுப்பு வரை என்று பாருங்கள். "பாடசாலை பக்கத்தில்" என்ற பேச்சில் ஏமாற வேண்டாம். மூன்றாம் வகைப் பாடசாலை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நிற்கும். இரண்டாம் வகை பதினோராம் வகுப்பு வரை. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம், கணிதம் என்றால் 1ஏபி பாடசாலை வேண்டும். மகள் இன்று மூன்றாம் வகுப்பிலா? அவள் உயர்தரத்துக்கு வரும் நாளை மனதில் வைத்துத் தேடுங்கள்.

இரண்டாவது, காணி பார்க்க ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். பாடசாலை நாளொன்றில் காலை ஆறு மணிக்கு, முடிந்தால் கார்த்திகை மழையில், அந்த இடத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பஸ் நிற்கிறதா, பருவச்சீட்டுப் பிள்ளைகளை ஏற்றுகிறதா, இருக்க இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பின்னேர வகுப்பு முடிந்து வரும் பிள்ளை மஃரிபுக்கு முன் வீடு சேர்வாளா என்பதையும் அதே நாளில் பாருங்கள்.

மூன்றாவது, ஊரிலேயே இருப்பதென்று தீர்மானித்தால் அதையும் உறுதியோடு செய்யுங்கள். சிசு செரிய போன்ற பாடசாலைப் பஸ் சேவை நாட்டில் இருக்கிறது. எங்கள் வழிக்கும் எங்கள் நேரத்துக்கும் அது வேண்டும் என்று பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டும். ஒரு வாப்பா தனியே கடிதம் எழுதினால் அது கோவையில் கிடக்கும். பள்ளிவாசல் நிர்வாகமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பெற்றோரும் சேர்ந்து போனால் கேட்காமல் இருக்க முடியாது. அந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. பிள்ளையைக் கேளுங்கள். அந்த வழியில் தினமும் போகப்போகிறவள் அவள்.

மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் காணிப் பேச்சு நடக்கும்போது அது பெரியவர்கள் விசயம் என்று தேநீர்த் தட்டோடு திரும்பிவிடாதீர்கள். மரியாதையோடு, விவரத்தோடு பேசுங்கள். பஸ் நேரத்தை எழுதி வைத்துக் காட்டுங்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் பெற்றோர் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்கள் அளக்க மறந்ததை நாங்கள் அளந்து கொடுக்க வேண்டும்.

அன்றிரவு மகள் உள்ளே போன பிறகு ராத்தா ஒன்றே ஒன்று சொன்னார்: "எனக்கும் அந்தக் கேள்விதான் இருந்திச்சு. நான் கேக்கல்ல."

மச்சான் வெகுநேரம் பேசவில்லை. விடுமுறை முடிந்த கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் போய் இரண்டு இடத்தையும் பார்த்து வந்தாராம். இரண்டில் எதை வாங்குவது, வாங்குவதா விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்போது அந்த வீட்டில் நான்கு பேரின் கருத்து இருக்கும், மூன்று பேரின் கருத்தல்ல. எனக்கு அது போதும்.